காட்சிக்கலை என்றால் ஓவியமும் சிற்பமும் மட்டும்தானா? எங்கிருந்து தொடங்குவது?

வண்ணத்துளி கேட்டது:

காட்சிக்கலைகளைப் பற்றிக் கொஞ்சம் ஒழுங்காகத் தெரிந்துகொள்ளலாம் என்று படிக்க ஆரம்பித்தேன். எதைத் திறந்தாலும் நீளமாக ஒரு பட்டியல்தான் வருகிறது. ஓவியம், சிற்பம், அச்சோவியம், புகைப்படம், மட்பாண்டம், நெசவு, வீடியோ, நிறுவல் கலை என்று போய்க்கொண்டே இருக்கிறது, படித்து முடித்தால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. அதற்கு மேல் இம்ப்ரெஷனிசம், கியூபிசம் என்று இசங்களின் வரிசை வேறு. எனக்கு வரைய வராது, வரையக் கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஒரு படைப்பின் முன்னால் நின்றால் அதில் எதைப் பார்ப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். எதில் தொடங்கலாம்? புகைப்படம், பானை எல்லாமும் உண்மையிலேயே இதில் சேர்த்திதானா?

கரிக்கோடு:

இசங்களை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இது எதனால் செய்யப்பட்டது, எப்படிச் செய்தார்கள் என்ற ஒரே கேள்வியோடு பாருங்கள். பாதிக்கு மேல் தானாகவே விளங்கும்.

ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லா வண்ணத்திலும் இருப்பது நிறமிப் பொடிதான், அதை எதில் குழைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஃப்ரெஸ்கோவில் சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் கரைத்த நிறமியைப் பூசிவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு கல்லாக இறுகும்போது நிறமியும் அதற்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்குத்தான் காலையில் சாந்து பூசுவார்கள். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் ஆலயத்தின் கூரையில் தீட்டியது இப்படித்தான், ஒரு நாள் வேலை அடுத்த நாள் வேலையோடு சேரும் விளிம்புகளை இன்றும் கிட்டப் போய்ப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். நிதானமாக, திருத்தித் திருத்தி வேலை செய்யும் லியோனார்டோவுக்கு இந்த அவசரம் ஒத்துவரவில்லை. ‘கடைசி விருந்து’ படத்தைக் காய்ந்த சுவரில் தீட்டினார், அவர் உயிரோடிருக்கும்போதே அது உதிரத் தொடங்கிவிட்டது.

எண்ணெய் வண்ணம் நேர் எதிர். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. நாள் கணக்கில் ஈரம் இருப்பதால் ஒரு நிறத்தை இன்னொன்றோடு இழைக்கலாம், காய்ந்த பிறகு மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய பூச்சுகளை ஏற்றலாம். யான் வான் எய்க் 1434இல் தீட்டிய ஆர்னோல்ஃபினி தம்பதியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்சுவரில் ஒரு குண்டுக் கண்ணாடி மாட்டியிருக்கும். அதற்குள் தம்பதியின் முதுகு தெரியும், அதையும் தாண்டி வாசலில் இரண்டு பேர் நிற்பது தெரியும். மொத்தப் படமே 82 சென்டிமீட்டர் உயரம்தான்! முட்டை மஞ்சள்கருவில் குழைக்கும் டெம்பராவில் இந்த இழைப்பு வராது, பூசிய நிமிடங்களில் காய்ந்துவிடும். அதனால்தான் அந்தப் படங்களில் முகத்தின் நிழல்கூட மெல்லிய கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து உண்டாக்கியதாக இருக்கும்.

சிற்பத்திலும் இதே கேள்விதான். செதுக்கிக் குறைத்ததா, மண்ணை அப்பிக் கூட்டியதா, உருக்கி வார்த்ததா? சலவைக்கல் தன் எடையைத் தாங்கும், ஆனால் இழுவையைத் தாங்காது, நீட்டிய கை எளிதில் ஒடிந்துவிடும். மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையில் வலது காலுக்குப் பின்னால் அதே கல்லில் செதுக்கிய ஒரு மரக்கட்டை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அலங்காரத்துக்கு வைத்ததில்லை, ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான கல்லின் எடை மெல்லிய கணுக்கால்களில் மட்டும் இறங்காமல் இருக்கத்தான். அதே கண்ணோடு சோழர் கால நடராசர் செப்புத்திருமேனியைப் பாருங்கள். ஒரு கால் தூக்கி, நாலு கைகளும் விரிந்து, சடை இரண்டு பக்கமும் பறக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிற முறையால்தான் அது முடிந்தது. மண் அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க வேண்டும், அதனால் அச்சு அசலாக இரண்டாவது ஒன்று கிடையாது.

மைஉருளை:

மேலே சொன்னதில் அச்சோவியம் விடுபட்டுவிட்டது, எப்போதும் இப்படித்தான் விடுபடும், எனக்கு அது வருத்தம். ‘பிரிண்ட்’ என்றதும் நகல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிடும் எட்ச்சிங்குக்கு மூல ஓவியம் என்று தனியாக ஒன்று சுவரில் மாட்டியிருக்காது, தகட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தாளும் மூலம்தான்.

மரக்கட்டை அச்சில் மேடான இடம் மை பிடிக்கும், ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. செப்புத் தகட்டில் பள்ளத்துக்குள் மை இறங்கும், ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அமுங்கிய தடம் இருந்தால் இந்த வகை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். லித்தோகிராஃபில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை. சுண்ணாம்புக் கல்லில் பிசுக்குள்ள மையால் வரைந்து கல்லை நனைத்தால், ஈரமான இடம் அச்சு மையை ஒட்டவிடாது, வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். 1790களின் கடைசியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை, மரக்கட்டை அச்சு, 1831 வாக்கில் வந்தது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர் வரைந்து கொடுத்தார், செதுக்கியவர் வேறு, அச்சிட்டவர் வேறு, நிறங்களுக்குத் தனித்தனிக் கட்டைகள். அத்தனை கட்டைகளும் ஒரே தாளில் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு மேதை தனியாக உட்கார்ந்து படைப்பதுதான் கலை என்ற நினைப்பை இந்த ஒரு படமே மாற்றிவிடும்.

புகைப்படமும் சேர்த்திதான், சந்தேகமே வேண்டாம். 1839இல் அறிவிக்கப்பட்ட டாகுரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படம்தான் கிடைக்கும், பிரதி எடுக்க முடியாது. டால்பட் என்ற ஆங்கிலேயரின் நெகட்டிவ் முறையில்தான் ஒன்றிலிருந்து பல பிரதிகள் வந்தன. அந்தப் பிரதிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு, இருட்டறையில் எந்த இடத்துக்கு எவ்வளவு ஒளி கொடுப்பது என்பதை அச்சிடுபவர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறார்.

திகிரி:

பானை சேர்த்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மண்ணில் வேலை செய்கிறவள், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: சேர்த்திதான்.

உபயோகப்படுகிற பொருள் ‘கைவினை’, சும்மா பார்ப்பதற்கு உள்ளது ‘கலை’ என்ற பிரிவினை ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில்தான் கெட்டிப்பட்டது. 1746இல் சார்ல் பத்தே என்ற பிரெஞ்சுக்காரர் ஓவியம், சிற்பம், இசை, கவிதை, நடனம் ஆகியவற்றை ‘நுண்கலை’ என்று ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தார், மண்ணும் நூலும் வெளியே நின்றுவிட்டன. 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளி இந்தச் சுவரை உடைக்கிறோம் என்றுதான் ஆரம்பித்தது, ஆனால் அங்கேயே பெண்களில் பெரும்பாலோரைத் தறிக்கூடத்துக்குத்தான் அனுப்பினார்கள். அந்தத் தறிக்கூடத்திலிருந்து வந்த ஆன்னி ஆல்பர்ஸின் நெசவுகளுக்கென்றே 1949இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் தனிக் காட்சி வைத்தது.

ஒரு பாத்திரத்தைப் பார்க்கும்போது மேல் விளிம்பை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். முடிந்தால் அடியைப் பாருங்கள். மெருகு, அதாவது மேலே உள்ள கண்ணாடி மாதிரிப் பூச்சு, எந்த இடத்தில் நின்றிருக்கிறது, வழிந்து தடித்திருக்கிறதா, சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த கம்பியின் சுழி தெரிகிறதா என்று. சூளைக்குள் போன பிறகு நம் கையில் எதுவும் இல்லை, ஒரே மெருகு, காற்று குறைந்த சூளையில் வேறு நிறம், காற்று நிறைந்த சூளையில் வேறு நிறம். தாமிரம் கலந்தது பச்சையாகவும் வரும், சிவப்பாகவும் வரும்.

வண்ணத்துளி:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். எதனால் செய்தது என்று கேட்டால், டூஷாம்ப் என்ற கலைஞர் கலைப்படைப்பு என்று முன்வைத்த ஆயத்தச் சிறுநீர்த்தொட்டி போன்றவற்றுக்கு என்ன பதில்? அதை அவர் கையால் செய்யவே இல்லையே.

வெற்றிடம்:

அங்கே கரிக்கோடு சொன்ன கேள்வி மட்டும் போதாது என்பதுதான் என் கருத்து. 1917இல் கட்டணம் கட்டிய யாருடைய படைப்பையும் காட்சிக்கு வைப்போம் என்று சொன்ன அமைப்புக்கு டூஷாம்ப் அதை வேறு பெயரில் கையெழுத்திட்டு அனுப்பினார், அவர்கள் காட்சிக்கு வைக்கவில்லை. அசல் தொலைந்துபோய்விட்டது, இப்போது அருங்காட்சியகங்களில் இருப்பவை பின்னாளில் செய்த பிரதிகள். ஆக அங்கே பார்க்க வேண்டியது பீங்கானை இல்லை. எது கலை என்று யார் தீர்மானிப்பது என்று அது எழுப்பிய தகராறைத்தான்.

ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் நிறுவல், நிலத்திலேயே செய்யும் நிலக்கலை இதற்கெல்லாம் இடமும் காலமும்கூடப் பொருள்தான். ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரிக்குள் கருங்கற்களால் ஏறத்தாழ 460 மீட்டர் நீளத்துக்குச் சுருளாக ஒரு கரை போட்டார். ஏரி உயர்ந்தபோது பல வருடம் மூழ்கிக் கிடந்தது, தண்ணீர் இறங்கியதும் வெளியே வந்தது. கிறிஸ்டோவும் ஜான்-குளோடும் 1995இல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தையே துணியால் சுற்றினார்கள், இரண்டு வாரம்தான், அப்புறம் கழற்றிவிட்டார்கள்.

கரிக்கோடு:

வெற்றிடம் சொல்வது சரி, டூஷாம்ப் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஸ்மித்சன் விஷயத்தில் மட்டும் என் கேள்வி இன்னும் செல்லும், அந்தக் கற்களில் படிந்த உப்பும் படைப்பில் சேர்ந்துதானே இருக்கிறது.

வண்ணத்துளி, தொடங்குவதற்கு ஒரு யோசனை. திரையில் பார்க்கும்போது எல்லாப் படமும் ஒரே அளவாகிவிடும். பிக்காசோவின் ‘கெர்னிகா’ மூன்றரை மீட்டர் உயரம், ஏறக்குறைய எட்டு மீட்டர் அகலம். கைபேசியில் அதுவும் ஆர்னோல்ஃபினி படமும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் படத்தின் கீழே இருக்கும் குறிப்பில் அளவையும் பொருளையும் முதலில் படியுங்கள், அந்த அளவை உங்கள் சுவரில் கையால் காட்டிப் பாருங்கள், பிறகு படத்துக்கு வாருங்கள். முதலில் ஃப்ரெஸ்கோ ஒன்று, எண்ணெய் வண்ணம் ஒன்று, மரக்கட்டை அச்சு ஒன்று, இந்த மூன்றையும் ஒரே உட்காரலில் பாருங்கள். என்ன தோன்றியது என்று இங்கேயே எழுதுங்கள்.