தீயில் வெந்த ஜாகுவார் ஈ-டைப்பின் பின் சஸ்பென்ஷன்: வீட்டுப் பட்டறையில் மீட்டெடுத்த அனுபவம்

பழைய கார்களில் தீ விபத்து என்றதும் பலரும் எஞ்சின் பகுதியைத்தான் நினைக்கிறார்கள். என் கைக்கு வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் தீ பின்பக்கத்தில் பிடித்திருந்தது. பெட்ரோல் தொட்டியை ஒட்டியிருந்த ரப்பர் குழாய் வயதாகி விரிசல் விட்டுக் கசிந்ததும், கசிந்த பெட்ரோல் எரிந்தபடியே இடப்பக்கமாகக் கீழே வழிந்ததும் முந்தைய உரிமையாளரின் காலத்தில் நடந்தவை. முன்பகுதி முழுவதும் தப்பியிருந்தது. பின் சஸ்பென்ஷன் மட்டும் கரியும் துருவும் தீயணைப்புத் தூளும் அப்பிய ஒரே கட்டியாகத் தொங்கியது. அதை வீட்டிலேயே பிரித்து, சோதித்து, மீண்டும் பொருத்திய விதத்தை எழுதுகிறேன். பொருத்துவதைவிட, எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று தீர்மானிப்பதுதான் பெரும் வேலையாக இருந்தது என்பதால் அதைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

1961இல் ஈ-டைப்பிலும் ஜாகுவாரின் மற்றொரு காரான மார்க் டென்னிலும் வந்த இந்த அமைப்பைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், இரண்டு பிரேக் டிஸ்க், பக்கத்துக்கு இரண்டாக நான்கு காயில் ஸ்பிரிங், அவற்றின் நடுவே ஷாக் அப்சார்பர்கள் என எல்லாம் தகட்டாலான ஒரு கூண்டில் அடங்கியிருக்கும். அந்தக் கூண்டு 'வி' வடிவ ரப்பர் தாங்கிகள் நான்கின் வழியாக உடலில் தொங்குகிறது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளில் கீழ்க் கை குழாயாலானது, அதை விஷ்போன் என்பார்கள். சக்கரத்தைச் சுழற்றும் அரைத்தண்டே மேல் கையாகவும் வேலை செய்கிறது. பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்துக்குள் இல்லாமல் டிஃபரன்ஷியலின் இருபுறமும் உட்கார்ந்திருப்பதால், சாதாரண நாள்களிலேயே நடுப்பகுதியில் வெப்பம் தேங்கி ஆயில் சீல்கள் விரைவில் கெடும் என்பது இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்ததே.

எதையும் கழுவுவதற்கு முன், எந்த இடம் எவ்வளவு சூடேறியது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டும். கரியைத் துடைத்துவிட்டால் அந்தச் சான்று போய்விடும். உருகிய பொருள்களும் உருகாமல் நின்ற பொருள்களும் சேர்ந்துதான் வெப்பத்தைச் சொல்கின்றன. விளக்கு இணைப்புகளிலுள்ள ஈயப்பற்று ஏறத்தாழ 183 டிகிரி செல்சியஸிலிருந்து இளகத் தொடங்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த சின்னங்களும் விளக்கு அடிப்பாகங்களும் 380 டிகிரியை ஒட்டி உருகும். அலுமினிய வார்ப்புகள் 600 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகத் தளரும். செம்புக் கம்பி உருக 1085 டிகிரி வேண்டும். என் வண்டியின் இடப்பக்கத்தில் துத்தநாக வார்ப்பு சொட்டாக வழிந்து உறைந்திருந்தது. அருகில் சக்கரத்தின் மையத்தைப் பிடித்திருக்கும் அலுமினிய ஹப் தாங்கியோ உருக்குலையாமல் நின்றது. ஆகவே அந்த மூலை 380 டிகிரியைத் தாண்டியிருக்கிறது, 600ஐ எட்டவில்லை என்று கொண்டேன். வலப்பக்கத்தில் ஈயப்பற்று இளகவில்லை, வயரின் பிளாஸ்டிக் உறைகூட வடிவம் மாறவில்லை.

எஃகின் மேல் தெரியும் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் ஆகிய நிறங்களையும் பார்க்கலாம். வைக்கோல் மஞ்சள் 220 டிகிரியை ஒட்டியும் நீலம் 300 டிகிரியை ஒட்டியும் வரும். ஆனால் அந்த நிறங்கள் பளபளப்பான, எண்ணெய் படாத பரப்பில்தான் நம்பத் தக்கவை. வண்ணம் எரிந்து, துருவேறிய சாமானில் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களைக் கண்டால் எனக்குச் சற்றுப் பயமாகவே இருக்கிறது.

வரைபடம் முடிந்த பிறகும் வெறுங்கையால் தொட வேண்டாம். வைட்டான் வகை ஃப்ளூரின் ரப்பரால் செய்த சீல்கள் கடுமையாக எரிந்திருந்தால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டாகக்கூடும். கருத்துப் பிசுபிசுப்பாகக் கிடக்கும் எச்சம் தோலுக்குள் ஊடுருவி எலும்புவரை தாக்க வல்லது. பழைய வண்டி என்றாலும், இடையில் யாராவது புதிய சீல் மாற்றியிருக்க வாய்ப்புண்டு என்பதால், கரிந்த ரப்பர் அனைத்தையும் அதே வகையாகக் கருதி, தடித்த நியோப்ரீன் கையுறையும் முகக்காப்பும் அணிந்து, சுண்ணாம்பு நீரால் கழுவிய பிறகே சுரண்டினேன். வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் இருந்தால், சூடேறி வீங்கிய உருளையை வெட்டவோ துளையிடவோ மீண்டும் சூடாக்கவோ கூடாது. பழைய போல்ட்டுகளில், சூடானால் நச்சுப்புகை விடும் காட்மியம் பூச்சு இருக்கக்கூடும் என்பதால், இறுகிய நட்டைக் கேஸ் விளக்கால் சூடாக்கும் வழக்கத்தையும் இந்த வேலையில் கைவிட்டு, வெட்டியே எடுத்தேன்.

தீயணைப்புத் தூளைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பல்நோக்குத் தூளில் உள்ள அம்மோனியம் பாஸ்பேட் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். எரிந்த வயர் உறையிலிருந்து வெளியேறிய குளோரைடும் அதனோடு சேரும்போது, நெருப்பு தொடாத இடங்கள்கூடத் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். காரநீரால் கழுவி, நல்ல நீரில் அலசி, ஊதி உலர்த்தி எண்ணெய் பூசுவது பிரிப்பதற்கு முன்பே நடக்க வேண்டும்.

இறக்குவது நேரான வேலைதான். வண்டியின் உடலுக்குத் தாங்கி கொடுத்து, புகைபோக்கி, முன்னோக்கிச் செல்லும் ரேடியஸ் கைகள், கைபிரேக் கம்பி, பிரேக் குழாய், நடுத்தண்டின் இணைப்பு ஆகியவற்றைக் கழற்றி, கூண்டுக்கு அடியில் பலகை வைத்த ஜாக்கியைக் கொடுத்து முழுத் தொகுதியையும் ஒரே மூச்சில் கீழே இறக்கலாம். தாங்கிகளின் ரப்பர் எரிந்திருந்தால் கூண்டு எதிர்பாராமல் ஒரு பக்கம் சாயும். அதனால் கடைசி போல்ட்டுகளைக் கழற்றுவதற்கு முன் பட்டைக் கயிறால் கூண்டை ஜாக்கியோடு கட்டிவிடுங்கள். தொகுதி வெளியே வந்ததும், அது தொங்கியிருந்த உடல் தகடுகளையும் ரேடியஸ் கை பிடிக்கும் இடத்தையும் சுரண்டிப் பார்க்க வேண்டும். அங்கே தகடு செதிலாக உதிர்ந்தால் சஸ்பென்ஷன் வேலையை நிறுத்திவிட்டு உடலைச் சரிசெய்ய வேண்டும்.

இனி ஸ்பிரிங். ஸ்பிரிங் எஃகைத் துவைச்சல் கொடுத்து, அதாவது நன்கு சூடாக்கிச் சட்டென எண்ணெயில் முக்கி, கடினமாக்கிய பின், மிதமான வெப்பத்தில் வைத்துப் பதம் ஏற்றுகிறார்கள். அந்தப் பதவெப்பத்தைத் தாண்டி மீண்டும் சூடானால் பதம் இறங்கிவிடும். இடப்பக்கத்து ஸ்பிரிங்குகள் இரண்டும் வலப்பக்கத்தவற்றைவிடக் குட்டையாக இருந்தன. வண்டியின் பாரத்தைச் சுமந்தபடியே சூடேறியதால் அப்படியே அமுங்கி நின்றுவிட்டன. அவற்றை எறிவதில் குழப்பமில்லை. குழப்பம் எங்கே வருகிறதென்றால், உயரம் சரியாக இருக்கும் ஸ்பிரிங்கை, எடை வைத்து அமுக்கிப் பார்த்து, இத்தனை கிலோவுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்குச் சரியாக வருகிறது, ஆகவே நல்லது என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு எஃகின் மீள்தன்மை எண்ணையும் கம்பியின் தடிமனையும் சுருளின் அளவையும் பொறுத்தது. பதம் போனாலும் இவை ஏறத்தாழ மாறுவதில்லை. மாறுவது, எவ்வளவு பாரம் வரை தாங்கிப் பழைய நிலைக்குத் திரும்பும் என்ற எல்லைதான். எனவே எரிந்த ஸ்பிரிங் எடைச் சோதனையில் தேறிவிடும். குழியில் ஒருமுறை முழுதாக அமுங்கிய பிறகுதான் தாழ்ந்துபோகும். சோதிப்பதானால், காப்புத் தடுப்புள்ள அழுத்தியில் சுருள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குச் சிலமுறை அமுக்கி விட்டு, உயரம் குறைந்ததா என்று அளக்க வேண்டும். வலப்பக்கத்தவை இதில் தேறின. ஆனாலும் ஒரே வண்டியில் பழையதும் புதியதும் கலந்தால் உயரம் ஒத்துவராது என்பதால் நான்கையும் புதிதாகவே போட்டேன்.

கூண்டு நேர்மாறான கதை. அது குறைந்த கரிமம் கொண்ட சாதாரணத் தகடு. பதம் ஏற்றப்பட்டதன்று. சூடு அதன் வலிமையை அதிகம் குறைப்பதில்லை, வடிவத்தைத்தான் கெடுக்கிறது. சமதளத்தில் கவிழ்த்து வைத்து, துளைக்குத் துளை குறுக்கு மறுக்காக அளந்து, இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்திருந்தால், புள்ளி வெல்டிங் விட்டுப்போன இடங்களைச் சரிசெய்து மீண்டும் பயன்படுத்தலாம். கீழ் விஷ்போனின் இரு முனைத் துளைகளிலும் நேரான தண்டுகளைச் செருகி, தொலைவிலிருந்து பார்த்தால் முறுக்கம் உடனே புலப்படும்.

அலுமினிய ஹப் தாங்கியில் மனத்தை இரக்கத்துக்கு இடம் கொடுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கும். தேய்த்துக் கழுவினால் புதிது போலவே இருக்கும். ஆனால் வெப்பப் பதப்படுத்திய அலுமினியக் கலவைகள் 200 டிகிரிக்கு மேல் சற்று நேரம் கிடந்தாலே வலிமையை இழக்கத் தொடங்கும். துத்தநாகம் வழிந்த மூலையில் இருந்த இடத் தாங்கியை அதனால்தான் ஒதுக்கினேன். வலப்பக்கத்ததைச் சிவப்புச் சாயம் ஊறவைத்து விரிசல் பார்த்த பிறகு வைத்துக்கொண்டேன். இடது அரைத்தண்டையும் அதே காரணத்தால் ஒதுக்கினேன். மேல் கையாகவும் முறுக்குத் தண்டாகவும் இரட்டை வேலை செய்யும் ஒன்றில் ஐயத்தோடு ஓட்ட முடியாது. பேரிங், ஆயில் சீல், புஷ், பிரேக் குழாய், காலிப்பர் சீல், போல்ட், நட்டு எல்லாம் இரு பக்கமும் புதிது. இவற்றைச் சோதிக்கச் செலவிடும் நேரம் வீண்.

துரு நீக்குவதில் ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங்கையும் உயர்வலிமைப் போல்ட்டையும் அமிலத்தில் ஊறப்போடக் கூடாது. எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் முறிய வைக்கும். பவுடர் கோட்டிங் கூண்டுக்கு ஏற்றதுதான், ஆனால் அந்தத் தடித்த தோலுக்கு அடியில் நாளை வரும் விரிசல் கண்ணில் படாது. ஆகவே நான் ப்ரைமரும் மெல்லிய கறுப்பு வண்ணமும் அடித்தேன்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. அரைத்தண்டுக்கும் பிரேக் டிஸ்க்குக்கும் இடையிலுள்ள ஷிம்கள் எனும் மெல்லிய உலோகத் தகடுகளே சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கின்றன. ஒரு ஷிம் ஏறத்தாழ 0.5 மி.மீ. தடிமன், அது சாய்வைக் கால் டிகிரி மாற்றும். தொழிற்சாலை சொல்லும் அளவு உட்புறமாக முக்கால் டிகிரி, கால் டிகிரி கூடக் குறைய இருக்கலாம். தாங்கியும் தண்டும் மாறிய இடப்பக்கத்தில் பழைய ஷிம் எண்ணிக்கை செல்லாது, புதிதாக அளந்தே தீர வேண்டும். இன்னொன்று, ரப்பர் புஷ் கொண்ட போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி சக்கரங்களில் நின்று தன் பாரத்தைத் தானே சுமக்கும் நிலையில்தான் நடக்க வேண்டும். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துபோகும்.

மற்றோர் உறுப்பினரின் அனுபவம்:

என்னுடையது எம்ஜிபி கார். பின்புறம் ஒற்றை அச்சும், எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங்கும்தான், உங்களுடையதைப் போலச் சிக்கலில்லை. தீயில் ஒரு பக்கப் பட்டைக்கட்டு தட்டையாகிவிட்டது. பட்டறைக்காரர் ஒருவர் அடுப்பில் சூடாக்கி, அடித்து வளைத்துத் தருவதாகச் சொன்னார். வளைவு திரும்ப வந்தது, பதம் வரவில்லை. சூடாக்கி வளைத்ததை எண்ணெயில் துவைத்து, அளந்த வெப்பத்தில் பதமேற்றும் உலை இல்லாமல் அந்த வேலை முழுமையாகாது. சில மாதங்களில் அந்தப் பக்கம் மீண்டும் தாழ்ந்ததும் இரு பக்கமும் புதிய கட்டு போட்டேன். அச்சை அணைத்துப் பிடிக்கும் யூ-போல்ட்டுகளையும் மாற்றிவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். பட்டையை எல்லோரும் பார்க்கிறார்கள், யூ-போல்ட்டை யாரும் பார்ப்பதில்லை. நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பரின் உடலும் அலுமினியம்தான். நீங்கள் ஹப் தாங்கிக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும். ஒரு கேள்வி: கடினத்தன்மைச் சோதனை செய்து பார்த்தீர்களா?

பதில்:

அரைத்தண்டில் மட்டும் செய்தேன். எறியப்போகும் இடது தண்டையும் வைத்துக்கொள்ளும் வலது தண்டையும் ராக்வெல் கருவியில் ஒரே இடத்தில் ஒப்பிட்டபோது, இடது தெளிவாக மென்மையாக இருந்தது. வரைபடத்தில் நான் குறித்த வெப்பக் கணக்கோடு அது ஒத்துப்போனது. ஸ்பிரிங்கில் செய்வதானால், சோதனைக்காகத் தட்டையாகத் தேய்க்கும் இடத்திலிருந்தே பின்னாளில் விரிசல் கிளம்பலாம் என்பதால், அசையாத கடைசிச் சுற்றின் நுனியில் மட்டும் தேய்க்க வேண்டும். கையடக்க மோதல் வகைக் கருவிகள் மெல்லிய கம்பியில் சரியான எண் காட்டுவதில்லை. அரத்தால் சுரண்டிப் பார்க்கும் பழைய முறையும் இங்கே உதவாது. நல்ல ஸ்பிரிங் எஃகையே அரம் ஓரளவு கடிக்கும் என்பதால், பதம் போனதற்கும் போகாததற்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரியாது.