எல்லாக் கருவும் முதலில் பெண்தானா?

பாலக்கோட்டான்:
மூத்தது பெண் குழந்தை, மனைவிக்கு இப்போது மூன்றாவது மாதம். பக்கத்து ஊரில் ஒருவர் ஆண் குழந்தைக்கு மருந்து தருகிறாராம், வாங்கி வா என்று அம்மா தினமும் நச்சரிக்கிறார். மருந்துக்காரர் சொல்லும் காரணம், எல்லாக் கருவும் முதலில் பெண்ணாகத்தான் இருக்குமாம், அப்புறம்தான் ஆணாக மாறுமாம். மருந்தை நான் வாங்கப் போவதில்லை. ஆனால் யூடியூபிலும் இதையேதான் சொல்கிறார்கள், ஆணுக்கு மார்க்காம்பு இருப்பதே அதற்குச் சாட்சியாம். உண்மையா?

தாவரவியல் படித்தவன், காவேரிப்பட்டினம்:
பாதிதான் உண்மை. குரோமோசோம் எக்ஸ்எக்ஸ்ஸா (பெண்) எக்ஸ்ஒய்யா (ஆண்) என்பது கரு உண்டாகும் நொடியிலேயே அப்பாவின் விந்தணுவால் முடிவாகிவிடும். ஆனால் ஆறாவது வாரம் வரை உடம்பில் அது தெரியாது. அதுவரை கரு பெண் இல்லை, இரண்டுக்கும் தயாராக இருக்கிறது: விரையாகவோ சினைப்பையாகவோ ஆகக்கூடிய ஒரு ஜோடி மேடு, கூடவே இரண்டு ஜோடிக் குழாய்கள். ஒரு ஜோடி கருப்பையாக ஆகக்கூடியது, இன்னொன்று விந்துக்குழாயாக ஆகக்கூடியது. வெறும் பெண் என்றால் அந்த இரண்டாவது ஜோடி அங்கே எதற்கு?

ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்று ஒரு மரபணு, 1990இல் கண்டுபிடித்தார்கள். அது கொஞ்ச நாள் விழித்து சாக்ஸ்9 என்ற இன்னொன்றைத் தட்டி எழுப்பும், மேடு விரையாகிவிடும். விரையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து கருப்பைக் குழாயைக் கரைக்கும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மற்ற குழாயைக் காப்பாற்றும். 1947இல் ஆல்ஃப்ரெட் ஜோஸ்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தாய் வயிற்றிலிருந்த முயல் கருக்களின் விரையை எடுத்துப் பார்த்தார், எல்லாம் பெண் உறுப்புகளோடு வளர்ந்தன. "முதலில் பெண்" கதை கிளம்பியது இந்த மாதிரி விஷயங்களிலிருந்துதான். ஆனால் சினைப்பை உருவாகவும் தனி மரபணுக்கள் வேலை செய்தாக வேண்டும் என்று பிறகு தெரிந்தது. மார்க்காம்பா? இந்த ஹார்மோன்கள் வருவதற்கு முன்பே அது உருவாகத் தொடங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது மாதத்தில் மருந்து என்பது பஸ் போன பிறகு கை காட்டுகிற கதை.

மாட்டுக்காரன், ஊத்தங்கரை:
கை காட்டினால் பரவாயில்லை தம்பி, கல்லெறிகிற கதை அது. மாடு வளர்க்கிறவர்களைக் கேளுங்கள். பசு இரட்டைக் கன்று போட்டு ஒன்று காளை, ஒன்று கிடாரி என்றால் அந்தக் கிடாரி நூற்றில் 90க்கு மேல் சினை பிடிக்காது. வயிற்றுக்குள் இரண்டின் ரத்தக்குழாய்களும் ஒட்டிக்கொள்வதால் காளைக் கன்றின் ஹார்மோன் கிடாரிக்குள் போய்விடுகிறது. அதனால் கிடாரி காளையாகவா ஆகிறது? இல்லை, கருப்பை சரியாக வளராத மலட்டுக் கிடாரியாகிறது. (மனித இரட்டையரில் பொதுவாக ரத்தம் அப்படிக் கலப்பதில்லை, யாரும் பயப்பட வேண்டாம்.) அந்த ஆள் மருந்தில் ஆண் ஹார்மோன் எதுவும் இருந்தால் வயிற்றில் இருக்கும் பெண் குழந்தையின் பிறப்புறுப்பு வடிவம் கெடலாம், ஆண் குழந்தை பிறக்காது.

பென்னாகரம் எக்ஸ்பிரஸ்:
ஒகேனக்கல் முதலைப் பண்ணையைப் பார்த்திருப்பீர்கள். முதலைக்கு ஆண் பெண் குரோமோசோமே கிடையாது, முட்டை இருக்கிற இடத்தின் சூடுதான் முடிவு செய்கிறது. நம் ஊர் முதலைக்கு 32.5 டிகிரியை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் ஆண், 30க்குப் பக்கத்தில் என்றால் பெண். ஆனால் இதை உங்கள் அம்மாவிடம் சொல்லாதீர்கள், மருமகளை வெயிலில் உட்கார வைத்துவிடப் போகிறார்.

அப்புறம், ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்டுவிடாதீர்கள். 1994 சட்டப்படி சொல்கிறவர், கேட்கிறவர் இருவருக்கும் ஜெயில்தான்.

பாலக்கோட்டான்:
நன்றி அண்ணா. கிடாரிக் கதை எடுபட்டது, எங்கள் வீட்டிலும் முன்பு அப்படி ஒன்று இருந்ததாம், சினை பிடிக்காமல் சந்தையில் விற்றார்களாம். முடிவு செய்வது அப்பாவின் விந்தணு என்று சொன்னதும்தான் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. எனக்கு முன்னால் மூன்று அக்கா, ஒவ்வொரு பிரசவத்துக்கும் பாட்டியிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். கடைசியில் திண்ணைப் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா?" என்றார். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு மாந்தோப்புக்குப் போனவர், இன்னும் வரவில்லை.