புதுப்பிப்பு: லாவண்டர் லிட்டரை வெறுத்த பூனை, இப்போது சரி

முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, லாவண்டர் வாசனை லிட்டர் (பூனை மலஜலம் கழிக்க ட்ரேயில் கொட்டி வைக்கும் மணல்) போட்டதிலிருந்து எங்கள் பூனை ட்ரேயை விட்டுவிட்டு குளியலறைக் கால்மிதியில் போகிறது என்று. இப்போது சரியாகிவிட்டது, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பழைய ட்ரேயை எடுக்காமல், பக்கத்திலேயே இன்னொன்றில் வாசனையே இல்லாத பொடி பென்டோனைட் மணலை (ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் வகை) நான்கு விரல்கடை ஆழத்துக்குக் கொட்டி வைத்தோம். மோந்து பார்த்தது, முன்னங்காலால் பறித்தது, திரும்பி நின்று இன்னொரு இடத்தில் பறித்தது, அப்புறம் உட்கார்ந்து போய்விட்டு அழகாக மூடிவிட்டும் வந்தது. நமக்கு மணப்பது அதன் மூக்குக்கு நெடி, அவ்வளவுதான்.

கடற்கரை மணல் போடச் சொன்னவர்களுக்கு: அது கட்டியாகாது, மூத்திரம் அடியில் இறங்கி நாறும். டோஃபு லிட்டர் நல்லதுதான், தூசி குறைவு, ஆனால் சோயா சக்கை என்பதால் பாண்டியின் ஐப்பசி மழையில் ஈரம் இழுக்கும், பூசணமும் பிடிக்கலாம், இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். பென்டோனைட்டைக் கழிவறையில் கொட்டாதீர்கள், ஊறிப் பெருத்துக் குழாயை அடைத்துவிடும். வாயில் போடும் சின்னக் குட்டிகளுக்கும் அது வேண்டாம்.

இன்னொன்று, ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வரவில்லையென்றால் லிட்டரை மாற்றிக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அடைப்பு உயிருக்கே ஆபத்து.