புதுப்பிப்பு: மணம் திரிந்து தெரிவதற்கு வைரஸ் தவிர வேறு காரணங்கள்

சளிக்காய்ச்சலுக்குப் பின் காபி, வெங்காயமெல்லாம் கருகிய நாற்றமாகத் தெரிவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

எதிரே இருக்கும் பொருளின் மணம் திரிகிறதா, எதுவுமே இல்லாமல் நாற்றம் வருகிறதா? முதலில் இதைப் பிரியுங்கள். திரிவதற்குப் பெரும்பாலும் வைரஸ் தொற்று அல்லது தலையில் பட்ட அடிதான் காரணம். சிதைந்த நுகர்ச்சி நரம்பிழைகள் மறுபடி வளரும்போது மூளைக்கு அரைகுறைச் செய்தி போகிறது. தொற்று முடிந்து சில வாரங்கள் கழித்துத் தொடங்குவது அதனால்தான்.

பொருளே இல்லாமல் வந்தால், ஒவ்வொரு மூக்குத் துளையாக அடைத்துப் பாருங்கள். நாற்றம் நின்றால் கோளாறு மூக்குப் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் சீழ் நாற்றமா? மேல் கடைவாய்ப்பல்லின் வேர்த் தொற்று சைனஸுக்கு ஏறியிருக்கலாம். மூக்கை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கோட்டை விடுவது சகஜம். பல் மருத்துவரையும் பாருங்கள்.

சில நொடிகளே வந்து போய், கூடவே வெறித்த பார்வையோ நினைவுத் தடுமாற்றமோ இருந்தால் வலிப்பாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை), எம்ஆர்ஐ ஸ்கேன் தேவைப்படும். ஒற்றைத் தலைவலியிலும் இப்படி வருவதுண்டு. புதிதாகத் தொடங்கிய மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நுகர்ச்சியை மீட்க, தினமும் சில மணங்களைக் கவனத்தோடு முகரும் நுகர்ச்சிப் பயிற்சி உண்டு. அதற்கு ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் போதும். ஒவ்வொன்றும் சுமார் 20 நொடி, நாளுக்கு 2 முறை, குறைந்தது 12 வாரம். மெல்ல முகருங்கள், இழுத்து உறிஞ்ச வேண்டாம். துத்தநாகம் கலந்த மூக்கு மருந்துகளைத் தொடவே வேண்டாம். அவை நுகர்ச்சியையே பறிக்கலாம். எரிவாயுக் கசிவு தெரியாமல் போகும் என்பதால் கசிவு அலாரம் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள்.