சிக்மாய்டு கட்டியால் பாதி அடைப்பு: வயிற்றில் பை வைக்காமல் அறுவை சிகிச்சை முடியுமா?

கேள்வி – கல்லிடைக்குறிச்சி வாசகர்

என் பெரியப்பாவுக்கு வயது 68. அப்பளத் தொழில் செய்தவர். நீரிழிவு உண்டு. சில மாதங்களாக வயிற்று உப்புசமும், மலம் மெலிந்து போவதும் இருந்தன. ஆசனவாய் வழியாகக் கருவி செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்தபோது, பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில் கட்டி இருப்பதும், கருவி அதைத் தாண்டிச் செல்ல இயலாதபடி குடல் குறுகியிருப்பதும் தெரியவந்தன. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது, சி.டி. ஸ்கேனில் வேறு உறுப்புகளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. காற்றும் சிறிதளவு மலமும் இன்னும் வெளியேறுகின்றன. வாந்தி இல்லை.

பாளையங்கோட்டையில் பார்த்த மருத்துவர், கட்டியை அகற்றிக் குடலை இணைத்துவிட முயல்வதாகவும், ஆனால் தேவைப்பட்டால் குடலை வயிற்றின் வெளியே திறந்து, மலம் சேரப் பை வைப்பதற்கும் சேர்த்தே சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றும் கூறினார். பெரியப்பாவோ, "பை வைப்பதாக இருந்தால் ஆபரேஷனே வேண்டாம்" என்று பிடிவாதமாக இருக்கிறார். பையைத் தவிர்க்க என்னென்ன வழிகள் உள்ளன என்று விவரம் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 – ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்

அடைப்பு முழுமையாகவில்லை என்பதுதான் உங்களுக்குச் சாதகமான செய்தி. முழு அடைப்போடு நள்ளிரவில் வருபவரின் குடல், கட்டிக்கு மேலே வீங்கி, மலம் நிறைந்து, சுவர் நீர்கோத்துக் கிடக்கும். அத்தகைய குடலை இணைத்தால் தையல் பிரிந்து மலம் வயிற்றுக்குள் கசியும் அபாயம் அதிகம் என்பதால்தான், கட்டியை அகற்றி, கீழ் முனையை மூடி, மேல் முனையை வயிற்றின் வெளியே கொண்டுவரும் ஹார்ட்மன் முறையை நாடுகிறோம். ஆன்றி ஹார்ட்மன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1921இல் விவரித்த அந்த முறை இன்றும் உயிர் காக்கிறது. பின்னர் குடலைத் திரும்ப இணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினாலும், வயதானவர்களில் கணிசமானோர் அந்த இரண்டாவது அறுவைக்கு வருவதே இல்லை. உங்கள் பெரியப்பாவின் அச்சம் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன்.

பாதி அடைப்பில் நமக்குச் சில நாட்கள் கிடைக்கின்றன. அந்த நாட்களில் கீரை, வாழைத்தண்டு, முருங்கைக்காய், கொட்டையுள்ள பழங்கள் ஆகியவற்றை நிறுத்தி, வடித்த கஞ்சி, மோர், தெளிந்த சூப் எனச் சக்கையில்லாத உணவுக்கு மாற்றி, இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, இரத்தசோகையையும் அல்புமின் என்ற இரத்தப் புரதத்தின் குறைவையும் சரிசெய்தால், குடலை ஒரே அறுவையில் இணைப்பதற்கான வாய்ப்பு உயர்கிறது. புகைப் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். இணைப்பு ஆறுவதற்கு இரத்த ஓட்டமும் புரதமும் தேவை. அவை குறைந்த உடலில் எவ்வளவு திறமையாகத் தைத்தாலும் நம்பிக்கை வைக்க இயலாது.

வயிற்றைத் திறந்த பிறகு குடல் நிறைந்திருப்பது தெரிந்தாலும் வழி உண்டு. குடல்வால் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, பல லிட்டர் உப்புநீரால் மேசையிலேயே பெருங்குடலைக் கழுவி இணைக்கலாம். மற்றொன்று, பெருங்குடலின் பெரும்பகுதியை அகற்றிச் சிறுகுடலை மலக்குடலோடு இணைப்பது. இதில் கட்டிக்கு மேலே வீங்கிய பகுதி முழுவதும் போய்விடுகிறது. ஆனால் ஒரு நாளில் பலமுறை மலம் கழிக்க நேரும் என்பது 1995இல் பிரிட்டனிலிருந்து வந்த ஒப்பீட்டு ஆய்விலும் தெரிந்தது. மூட்டுவலியோடு கழிப்பறைக்கு விரைய வேண்டிய முதியவருக்கு நான் இதை முதலில் பரிந்துரைப்பதில்லை.

கருவி தாண்டாததால் கட்டிக்கு மேலுள்ள குடலை இதுவரை யாரும் உள்ளிருந்து பார்க்கவில்லை. அறுவை முடிந்து 3 முதல் 6 மாதங்களுக்குள் முழுக் கொலோனோஸ்கோப்பி செய்ய மறவாதீர்கள்.

பதில் 2 – தென்காசி வாசகர்

அண்ணாச்சி, என் தாயாருக்குத் தற்காலிகமாகத்தான் பை வைத்தார்கள். சில மாதங்களில் மூடிவிட்டார்கள். இப்போது ஸ்டென்ட் என்ற உலோகக் குழாயை உள்ளே வைத்து அடைப்பை விரித்துவிடுகிறார்களே, அதைக் கேட்டுப் பார்த்தீர்களா?

பதில் 3 – ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்

அடைப்பு முற்றி, அவசர அறுவைக்குத் தள்ளப்படும் நிலையில், ஸ்டென்ட் வைத்து வீக்கத்தை வடியச்செய்து, ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து நிதானமாக அறுவை செய்வது நல்ல ஏற்பாடே. ஆனால் அடைப்பின் அறிகுறி பெரிதாக இல்லாதவருக்கு முன்னெச்சரிக்கையாக ஸ்டென்ட் வைக்க வேண்டாம் என்றே ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. குடல் துளைபட்டால் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய் வயிற்றுக்குள் சிதறக்கூடும். பெரியப்பாவின் தற்போதைய நிலையில் எனக்கு அதில் விருப்பமில்லை.

பதில் 4 – அறுவைப் பிரிவுச் செவிலியர், திருநெல்வேலி

பையின் இடத்தை அறுவைக்கு முந்தைய நாளே மையால் குறித்துவிடச் சொல்லுங்கள். படுத்த நிலையில் மட்டும் பார்த்துக் குறிப்பது போதாது. உட்காரவும், நிற்கவும், குனியவும் வைத்து, மடிப்பு விழாத இடத்தை, வேட்டி கட்டும் கோட்டில் படாதவாறு தேர்ந்தெடுக்க வேண்டும். குறித்ததாலேயே பை வைத்துவிடுவார்கள் என்று பொருளில்லை. மலம் போகவில்லையே என்று வீட்டில் விளக்கெண்ணெயோ கடைப் பேதி மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள். குறுகிய குடலுக்கு அது ஆபத்து.

கேள்வியாளர்

மிக்க நன்றி. பை வைப்பதற்கான சம்மதத்தை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்திட முடியுமா என்று பெரியப்பா கேட்கிறார்.

பதில் 5 – ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்

முடியும், அது அவருடைய உரிமை. ஆனால் நான் அந்த மேசையில் நின்றால், அப்படி அடித்த படிவத்தோடு கத்தியை எடுக்கத் தயங்குவேன். இணைப்பில் சந்தேகம் எழுந்தால், அதைக் காக்கச் சிறுகுடலில் தற்காலிகமாக ஒரு திறப்பு வைத்து, ஏறத்தாழ 2 முதல் 3 மாதங்களில் மூடுவதும், ஹார்ட்மன் முறையில் பெருங்குடலை வெளியே கொண்டுவருவதும் ஒன்றல்ல. முந்தையதை மூடுவது பெரும்பாலும் சிறிய அறுவை. ஆகவே "பை வேண்டாம்" என்று சொல்வதைவிட, எந்தச் சூழ்நிலையில் எந்த வகைப் பை வைப்பீர்கள், எப்போது மூடுவீர்கள் என்று அறுவை மருத்துவரைப் பெரியப்பாவே நேரில் கேட்கட்டும். இணைத்த பிறகு காற்றைச் செலுத்திக் கசிவைச் சோதிப்பீர்களா என்றும் கேட்கலாம்.

அறுவைத் தேதிக்கு முன்பே காற்று வெளியேறுவது நின்றாலோ, வாந்தி வந்தாலோ, விட்டுவிட்டு வந்த வலி ஓயாத வலியாக மாறினாலோ, காய்ச்சல் கண்டாலோ, தேதியை எதிர்பார்த்துக் கல்லிடையில் காத்திருக்காமல், எந்த நேரமானாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.