வார்னிங் வந்தாலே பில்டு நிற்க வேண்டுமா?

மேக்ஃபைல்மணி:
2021 செப்டம்பரில், லினக்ஸ் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) 5.15-க்கான மெர்ஜ் விண்டோ (புது மாற்றங்களைச் சேர்க்கும் காலம்) நடந்துகொண்டிருந்தபோது, லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் எல்லா பில்டுக்கும் டபிள்யூ-எரர் (-Werror) ஃப்ளாகை டிஃபால்ட் ஆக்கினார். கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரே ஒரு வார்னிங் கொடுத்தாலும் அது எரராகி பில்டு நின்றுவிடும். பல ஆர்க்கிடெக்சர்களில் (சிப் வகைகளில்) பில்டு உடைந்து எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே, பில்டு ஆகிறதா என்று சோதிப்பதற்கான கம்பைல்-டெஸ்ட் ஆப்ஷனைப் போடுபவர்களுக்கு மட்டும்தான் அது டிஃபால்ட் என்று சுருக்கிவிட்டார். பின்வாங்கியிருக்கவே கூடாது என்பது என் கட்சி. ஒரு பதிப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பேட்ச் (கோடு திருத்தம்) அனுப்பும் இடத்தில், ஏற்கெனவே நாற்பது வார்னிங் ஓடும் லாகில் நாற்பத்தொன்றாவதை எவன் பார்ப்பான்?

டிஸ்ட்ரோவாசி:
மணி அண்ணே, உங்கள் மெஷினில் இருப்பது ஒரு கம்பைலர். அந்த 5.15-க்கு ஜிசிசி கம்பைலரில் 5.1 முதல் 11 வரை எதுவும் ஓடும், அது போக கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் வேறு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் முனகும். நீங்கள் தொடாத கோடு, அடுத்த வருடம் புது ஜிசிசி வந்ததும் தானாக உடையும். அதைத் திருத்தத் தெரியாத யூசர் தலையில்தான் அது விடியும். பேக்கேஜ்களில் இந்த ஃப்ளாக் இருந்தால் எடுத்துவிட வேண்டும் என்று ஜென்டூ டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் தொகுப்பில்) விதியே உண்டு. சும்மா எழுதி வைக்கவில்லை.

மேக்ஃபைல்மணி:
கான்ஃபிக்கில் ஒரு வரி மாற்றினால் அணைந்துவிடும். அணைக்கத் தெரியாதவர் கெர்னலை ஏன் தானே கம்பைல் செய்கிறார்? ஆப்பிளின் 2014 கோட்டு-ஃபெயில் ஓட்டை ஞாபகம் இருக்கிறதா? ஒரே வரி இரண்டு முறை வந்ததால் டிஎல்எஸ் (இணைய இணைப்பைப் பாதுகாக்கும் முறை) சரிபார்ப்பே தாண்டிப் போனது. கண்டிப்பு இருந்திருந்தால் அன்றே மாட்டியிருக்கும்.

கடைசிபெஞ்ச்:
மாட்டியிருக்காது. அந்தக் காலத்து டபிள்யூ-ஆல் (-Wall, வழக்கமான வார்னிங்குகளை மொத்தமாகப் போடும் ஃப்ளாக்) அதைப் பற்றி வாயே திறக்காது. தவறான இன்டென்டேஷனை (வரியின் தொடக்க இடைவெளியை) சொல்லும் வார்னிங், ஜிசிசி 6-ல், 2016-ல்தான் வந்தது. கிளாங்கில் எட்ட முடியாத கோடைக் காட்டும் வார்னிங் இருந்தது, ஆனால் அதைத் தனியாகப் போட வேண்டும். எந்த வார்னிங்கைப் போடுகிறோம் என்பதுதான் முதல் கேள்வி, எரர் ஆக்குவதா என்பதெல்லாம் அப்புறம்.

கெர்னலிலேயே ஒழுங்காக நடந்த வேலையைப் பாருங்கள். ஸ்விட்ச்சில் பிரேக் இல்லாமல் அடுத்த கேஸுக்குள் விழுவதைப் பிடிக்கும் ஃபால்த்ரூ வார்னிங், ஜிசிசிக்கு 5.3-ல், 2019-ல் எல்லா பில்டுக்கும் போடப்பட்டது. அதற்கு முன் ஒவ்வொரு கேஸாகப் பார்த்து, வேண்டுமென்றே விழுவது எது, மறதியில் விழுவது எது என்று பிரித்தார்கள். அதில் நிஜ பக்குகளும் அகப்பட்டன. நீளம் மாறும் அரேக்களும் (ஓடும்போதுதான் அளவு முடிவாகும் வரிசைகளும்) அப்படித்தான்: முதலில் ஒழித்தார்கள், 4.20-ல் வார்னிங்கைப் போட்டார்கள். யாரும் கத்தவில்லை. 2021-ல் பெருக்காமலேயே கதவைப் பூட்டினார்கள், அதனால் சண்டை.

டிஸ்ட்ரோவாசி:
அவசரமாகப் பெருக்கினாலும் ஆபத்துதான். 2006-ல் டெபியன் டிஸ்ட்ரோவில், வால்கிரைண்ட் என்ற மெமரி சோதனைக் கருவி முனகுகிறதே என்று ஓபன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியில் இரண்டு வரிகளை எடுத்தார்கள். சாவி உருவாக்கும் ரேண்டம் எண்ணுக்கு விதையாக மிஞ்சியது புராசஸ் ஐடி மட்டும். 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. இடையில் அங்கே உருவாக்கிய எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும்) சாவிகளையெல்லாம் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

மேக்ஃபைல்மணி:
அது கம்பைலர் வார்னிங்கே இல்லையே! வால்கிரைண்ட் ஓடுகிற புரோகிராமைப் பார்க்கும் கருவி. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

டிஸ்ட்ரோவாசி:
கருவி வேறு, மனுஷன் ஒன்றுதான். மதிப்பு கொடுக்காத வேரியபிளோ என்று கம்பைலர் சந்தேகப்பட்டால் என்ன செய்கிறோம்? "= 0" போட்டு வாயை அடைக்கிறோம். உண்மையிலேயே மதிப்பு விட்டுப்போன வழி ஒன்று இருந்தால், அதற்கப்புறம் எந்தக் கருவியும் சொல்லாது. அந்த வார்னிங் பொய்யாகவே அதிகம் கத்துகிறது என்றுதான் 5.7-ல் டிஃபால்ட்டிலிருந்து தூக்கினார்கள். அதைச் செய்தவரும் லைனஸ்தான்.

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரு சின்ன புராஜெக்ட்டுக்கு மூன்று வரி பேட்ச் அனுப்பினேன். நான் தொடாத ஃபைலில் இருந்த வார்னிங்குக்காக சிஐ (பேட்சைத் தானாக பில்டு செய்து சோதிக்கும் அமைப்பு) சிவப்பாகிவிட்டது. கேட்டால் பதில் இல்லை. விட்டுவிட்டேன்.

கடைசிபெஞ்ச்:
மணி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்? கண்டிப்புக்குக் கூலி கொடுப்பது புதிதாக வருகிறவர்தான்.

மேக்ஃபைல்மணி:
சுத்தமான மெயின் கிளையில் கண்டிப்பைப் போட்டிருந்தால் அவருக்கு இது நேர்ந்திருக்காது. சரி, சிஐ-யில் கம்பைலர் பதிப்பைப் பூட்டிவிடுவோம். டெபியன் ஸ்டேபிளில் (நிலையான பதிப்பில்) இருப்பது போதும்.

டிஸ்ட்ரோவாசி:
ஜிசிசி 14 வந்தது 2024 மே. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதை எரராக்கியது அதுதான். டெபியன் ஸ்டேபிளுக்கு அது வந்தது 2025 ஆகஸ்ட். அந்த இடைவெளி முழுக்க உங்கள் சிஐ பச்சையாக இருக்கும், புது ஜிசிசியைச் சீக்கிரமே எடுக்கும் ஃபெடோரா டிஸ்ட்ரோக்காரன் அழுவான்.

மேக்ஃபைல்மணி:
அப்படியென்றால் புது கம்பைலருக்கு இன்னொரு ஜாப். அது தோற்றால் மெர்ஜைத் தடுக்காது, மெயில் மட்டும் போகும். வெளியீட்டு டார்பாலிலிருந்தும் (கோடைக் கட்டி வெளியிடும் ஃபைல்) ஃப்ளாகை எடுத்துவிடலாம். கிட்டிலிருந்து (கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிடங்கு) பில்டு செய்கிறவருக்கு மட்டும் டிஃபால்ட்டாக இருக்கட்டும். அதற்குக் கீழே இறங்கமாட்டேன்.

டிஸ்ட்ரோவாசி:
2024-ல் எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் புரோகிராமின் பின்கதவு டார்பாலுக்குள்தான் ஒளிந்து வந்தது. அதிலிருந்து எங்களில் பல பேர் கிட் டேகிலிருந்துதான் (கிட்டில் பதிப்புக்குப் போடும் அடையாளம்) பில்டு செய்கிறோம், அண்ணே.