சமூகக் களஞ்சியமும் கட்டணச் சேர்ப்பும் மோதியபோது: உங்கள் அனுபவம் என்ன?

கிளவுட் சர்வர்களைப் பராமரிப்பவர்

ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 ஓடிய சர்வர்களில், கட்டணச் சேர்ப்பாக, அதாவது அடிப்படை இயங்குதளத்துக்கு மேல் சந்தா கட்டி வாங்கிய ஒரு மேலாண்மை மென்பொருளையும் நிறுவியிருந்தோம். கண்காணிப்புக் குழுவினர் தங்கள் சிறு கருவிகளுக்காக, தன்னார்வலர்கள் தொகுத்துத் தரும் மென்பொருள் பொதிகளின் கிடங்கான ஒரு சமூகக் களஞ்சியத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவி யம். அதன் வழக்கமான 'யம் அப்டேட்' ஒரு பிழையும் காட்டாமல் முடிந்தது. சேவைகள் ஓடிக்கொண்டிருந்தன. பல நாள் கழித்து, புதிய கெர்னலுக்காக (இயங்குதளத்தின் மையக்கரு) சர்வரை மறுதொடக்கம் செய்தபோதுதான் மேலாண்மைச் சேவை எழவே மறுத்தது.

தேடிப் பார்த்ததில் சிக்கியது ஒரு பைத்தான் நூலகம். கட்டணச் சேர்ப்பில் வந்ததைவிடச் சமூகக் களஞ்சியத்தில் இருந்தது புதியது. இயல்பான அமைப்பில் யம் ஒப்பிடுவது ஈபாக் (பதிப்பு எண்ணுக்கும் முன்பாக ஒப்பிடப்படும் எண்), பதிப்பு, வெளியீடு ஆகிய எண்களைத்தான். எது பெரியதோ அது உள்ளே வரும். யார் தயாரித்தது, யார் ஆதரவு தருவார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருந்த சேவை பழைய நூலகத்தை நினைவகத்தில் ஏற்கெனவே ஏற்றியிருந்ததால் அதுவரை பழுது வெளியே தெரியவில்லை. இந்த இடைவெளிதான் கொடுமை. அப்டேட்டையும் பழுதையும் யாரும் இணைத்துப் பார்க்க மாட்டார்கள்.

மென்பொருளை விற்றவர்களின் ஆதரவுக் குழு, சர்வரின் நிலைத் தகவல்களைத் திரட்டித் தரும் சோஸ்ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'இந்தப் பொதியில் எங்கள் கையொப்பம் இல்லை, முதலில் அதை மாற்றுங்கள்' என்றது. நியாயமான பதில். தாம் சோதிக்காத பொதிக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பேற்பார்கள்? சமூகக் களஞ்சியத்தை முடக்கிவிட்டு 'யம் டிஸ்ட்ரோ-சிங்க்' கொடுத்ததும் உரிய பதிப்பு திரும்பி வந்தது.

இதில் தன்னார்வலர்களைத் திட்டுவோரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரெட்ஹாட் லினக்ஸுக்குக் கூடுதல் பொதிகளைத் தரும், ஃபெடோரா திட்டத்தின் எபெல் களஞ்சியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வழங்கலில் உள்ள பொதிகளை மாற்றக் கூடாது, அவற்றோடு மோதக் கூடாது என்பது அதன் கொள்கை. ஆனால் அடிப்படைக்கு மேல் தனியாக விற்கப்படும் எல்லாத் தயாரிப்புகளுக்கும் அந்த உறுதி நீளாது. கிளவுட் கட்டமைப்பு மென்பொருளான ஓபன்ஸ்டாக்கின் நிறுவல் வழிகாட்டியே, அதன் ஆர்டிஓ (சமூகம் தொகுக்கும் வடிவம்) பொதிகளைப் பயன்படுத்தும்போது எபெலை முடக்கிவைக்கப் பரிந்துரைத்தது. அறிவிப்பு இருக்கத்தான் செய்கிறது. நிறுவும் அவசரத்தில் அதைப் படிப்பவர்கள் குறைவு.

தரவுத்தள நிர்வாகி

எங்கள் இடத்திலும் இதே கதைதான். களஞ்சியங்களுக்கு 'பிரையாரிட்டி' (முன்னுரிமை எண்) அமைத்தால் போதும் என்றார்கள். யம்முக்குப் பின் வந்த டிஎன்எஃப்பில் அது உள்ளமைந்தே வருகிறது. இயல்பு மதிப்பு 99, எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். கட்டணக் களஞ்சியத்துக்குச் சிறிய எண் கொடுத்ததும் மோதல் நின்றது. ஆனால் சமூகக் கருவி ஒன்றுக்குப் புதிய நூலகம் தேவைப்பட்டபோது அது மறைக்கப்பட்டிருந்ததால், நிறுவல் சார்புப் பிழையில் நின்றுபோனது.

இப்போது சமூகக் களஞ்சியத்தின் அமைப்புக் கோப்பில் 'includepkgs' வரியைச் சேர்த்து, வேண்டிய பொதிகளின் பெயர்களை மட்டும் அனுமதிக்கிறோம். விலக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவது ஓயாத வேலை. அடுத்த மாதம் எந்தப் பொதி புதிதாக வந்து சேரும் என்று யார் கண்டார்கள்?

பல்கலைக்கழகக் கணினி மையத்திலிருந்து

ரெட்ஹாட் லினக்ஸ் பதிப்பு 8-க்கு மாறியபின் எனக்கு நேர்ந்தது தலைகீழ். களஞ்சியத்தில் பொதி இருந்தும் நிறுவியால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு மாட்யூலின் (ஒன்றாக வழங்கப்படும் பொதித் தொகுப்பு) ஸ்ட்ரீம், அதாவது அதன் ஒரு பதிப்பு வரிசை, இயக்கத்தில் இருந்தால், அதே பெயருள்ள வெளிப் பொதிகளை டிஎன்எஃப் மறைத்துவிடும். 'மாட்யூல்_ஹாட்ஃபிக்சஸ்' என்பதை 1 ஆக்கினால் தெரியும் என்று இணையமெங்கும் எழுதியிருக்கிறார்கள். சமூகக் களஞ்சியம் முழுவதற்கும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். மேலே நண்பர்கள் சொன்ன பழைய மோதல் அப்படியே திரும்பும்.

உங்கள் சர்வரில் இப்போதே 'டிஎன்எஃப் லிஸ்ட் --இன்ஸ்டால்டு' கொடுத்து, மூன்றாவது நெடுவரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு பொதியும் எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று அங்கே இருக்கும்.